ஆத்தா எனக்கு, ஐயா உனக்கு

பெற்றவர்களைப் பங்கு போட்டார்கள். அதுதான் தப்பு. மற்றக் கூத்தெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

மலையடிவாரத்தில் ஓர் ஓடை. ஓடையின் மேட்டுக் கரையில் ஒரு வளை. அதில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம். கிழவர் பெயர் சடையாண்டி. அவர் மனைவி இருளாயி. மூத்த மகன் வீரணன், அவன் பெண்டாட்டி பேச்சி. இளையவன் தவசி, அவன் பெண்டாட்டி ஒச்சம்மா. ஆறு பேர். ஆறு பேரும் வளர்ந்த ஆட்கள். வளையோ இரண்டு பேருக்குத் தோண்டியது.

முள்ளம்பன்றி இரவில் மேயும், பகலில் தூங்கும். ஆறு பேர் பகல் முழுக்க ஒரே வளையில் கிடந்தால் என்ன ஆகும்? முள் குத்தும். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. திரும்பிப் படுக்கிறவர் முதலில் "திரும்புறேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் பேச்சி சொல்லாமல் திரும்பினாள். ஒச்சம்மாவின் கன்னத்தில் இரண்டு முள் ஏறியது.

"சொல்லிட்டுத் திரும்பக் கூடாதாக்கா?"

"தூக்கத்துல புரண்டேன். தூக்கத்துல யாராச்சும் சொல்லிட்டுப் புரளுவாங்களா?"

"நான் சொல்லிட்டுத்தான் புரளுறேன்."

"நீ தூக்கத்துல அது மட்டுமா சொல்றே? என்னைத் திட்டுறே. அதையும் கேட்டுக்கிட்டுத்தான் பக்கத்துல படுத்திருக்கேன்."

அன்று யாரும் தூங்கவில்லை. மறுநாள் சண்டை ஆம்பிளைகளுக்குப் போனது. அதற்கு அடுத்த நாள், "இனி சரிப்படாது" என்று முடிவானது. தவசி ஓடையின் பள்ளத்துக் கரையில் மண்ணைப் பறித்தான். பத்து நாளில் ஒரு வளை தயார். சின்ன வளைதான். ஆனால் சொல்லாமல் திரும்பலாம்.

பிறகு சாமான்களைப் பிரித்தார்கள். முள்ளம்பன்றி வீட்டில் சாமான் என்றால் எலும்புதான். எலும்பு எதற்கு என்று கேட்பீர்கள். முள்ளம்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான். மான் கொம்பு மூத்தவனுக்கு. காட்டெருமைத் தொடை எலும்பு இளையவனுக்கு. யாருடையது என்று தெரியாத ஒரு மண்டை ஓடு. அதை நடுவில் உடைத்துக்கொண்டார்கள்.

சாமான் தீர்ந்தது. இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். சடையாண்டியும் இருளாயியும்.

"ஆத்தா எனக்கு" என்றான் வீரணன். "பேச்சி முழுகாம இருக்கா. குட்டி வந்தா பார்த்துக்க ஆள் வேணும்."

"அப்ப ஐயா எனக்கு" என்றான் தவசி. "புது வளை. வாசல்ல படுக்க ஒரு ஆள் வேணும்."

"சரியா வந்துருச்சு."

"ஆமாண்ணே. சரியா வந்துருச்சு."

தங்கள் நியாயத்தைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

சடையாண்டிக்குக் காது கேட்காது. இடி விழுந்தாலும் தெரியாது. எல்லாரும் தலையாட்டினார்கள், அவரும் ஆட்டினார். இருளாயிக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. பகலும் தெரியாது, நிலாவும் தெரியாது. ஆனால் காது பாம்புச் சட்டை உரிவதைக்கூடப் பிடித்துவிடும். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நல்லது."

அது எப்படிப்பட்ட நல்லது என்று மருமகள்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. மகன்களுக்குப் புரியவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிழவரும் கிழவியும் இத்தனை வருஷமும் வாசலில்தான் படுத்தார்கள். அவர் வெளியே தலையை வைத்துப் படுப்பார். அவள் ஒட்டிப் படுப்பாள். ஏதாவது சத்தம் கேட்டால் அவள் அவரை உதைப்பாள். ஓர் உதை என்றால் எழுந்து பார். அவர் பார்ப்பார். ஒன்றும் இல்லாவிட்டால், "ஒண்ணுமில்ல புள்ள, படு" என்பார். அவள் படுத்துவிடுவாள். இரண்டு உதை என்றால் முள்ளை விரித்துப் பின்னால் போ. முள்ளம்பன்றி பின்பக்கமாகத்தான் சண்டை போடும். மூன்று உதை என்றால் நில்.

கண் இல்லாத ஒருத்தியும் காது இல்லாத ஒருத்தரும் சேர்ந்து ஒரு முழுக் காவல்காரன். மகன்கள் இதைக் கவனித்ததே இல்லை. உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எப்படிக் கவனிப்பார்கள்?

மேட்டு வளையில் முதல் நாள். உச்சி வெயில். எல்லாரும் அசந்த நேரம்.

"யாரோ வர்றாங்க" என்றாள் இருளாயி.

வீரணன் துள்ளி எழுந்தான். அவன் முள் பேச்சியின் இடுப்பில் ஏறியது. பேச்சி கத்தினாள். அவன் வாசலுக்கு ஓடிப் பார்த்தான்.

"இலை, ஆத்தா. காஞ்ச இலை."

"இலைக்குக் காலு இருக்கா? நடந்துச்சு."

"காத்துல நடந்துச்சு. படு."

அரை நாழிகை போனது.

"யாரோ வர்றாங்க."

இந்தத் தடவை ஓணான். அடுத்த தடவை மரத்திலிருந்து ஒரு காய்ந்த நெற்று விழுந்தது. அதற்கும் அடுத்த தடவை வீரணன் கண்ணைத் திறக்கவில்லை.

"பார்த்துட்டேன். ஒண்ணுமில்ல ஆத்தா, படு."

"நீ எந்திரிக்கவே இல்லையே."

"எந்திரிச்சேன்."

"எந்திரிச்சா உன் முழங்கால் மடக்குனு சத்தம் போடும். போடலை."

வீரணன் எழுந்தான். முழங்கால் மடக்கென்றது. பார்த்துவிட்டு வந்து சொன்னான். அப்போதும் அவள் நம்பவில்லை. பாவம், அவள் மேல் குற்றமில்லை. அவள் நம்பியது ஒரே ஒரு குரலை. அது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தூக்கத்தில் அவள் கால் பக்கத்தில் துழாவும். வெறும் மண்ணில் படும். உடனே விழித்துவிடுவாள். விழித்தால் காது வேலை செய்யும். காது வேலை செய்தால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

பள்ளத்து வளையில் வேறு கதை. அங்கே எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். அதுதான் வினை.

அந்தக் காட்டில் ஒரு கீரி இருந்தது. பகலில் திரிகிற ஜாதி. முன்னங்கால் ஒன்று லேசாக நொண்டும். வாய் மட்டும் நொண்டாது. அது பள்ளத்து வளைக்கு வந்து, வாசலில் படுத்திருந்த சடையாண்டியைப் பார்த்தது. முதலில் பயந்தது. ஒரு கல்லைத் தள்ளிவிட்டுப் பார்த்தது. கிழவர் அசையவில்லை.

"பெரியவரே, கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்று கேட்டது. பதில் இல்லை. "ரொம்ப நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கவாட்டில் நுழைந்தது. தவசி சேர்த்து வைத்திருந்த நாவல்பழத்தில் பாதியைத் தின்றது. கொட்டைகளை அங்கேயே துப்பிவிட்டுப் போனது.

சாயங்காலம் தவசி கொட்டைகளைப் பார்த்தான்.

"ஐயா, வாசல்ல படுத்துக்கிட்டு என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

அவன் வாய் அசைவதைப் பார்த்தார் கிழவர். கொட்டைகளையும் பார்த்தார். விஷயம் புரிந்தது.

"என்னை யாரும் உதைக்கலையே" என்றார்.

தவசி ஒச்சம்மாவைப் பார்த்தான். ஒச்சம்மா தவசியைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? மாமனாரை மருமக உதைச்சாள்னா காடு சிரிக்கும். நீங்க உதைங்க."

"பெத்தவரைக் காலால உதைக்கவா? நான் நல்லா இருக்க வேணாமா?"

உதைக்க ஆள் இல்லை. ஆகவே மரியாதையாக எழுப்பிப் பார்த்தார்கள். தவசி தோளைத் தடவினான். ஒச்சம்மா மூக்கில் ஊதினாள். கிழவரும் மரியாதையாகத் தூங்கினார். கீரி மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் அதன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு வந்தது.

கிழவர் தூங்கியது நிம்மதியான தூக்கம் என்று நினைக்க வேண்டாம். மேய்ச்சல் முடிந்து வரும்போதெல்லாம் சடையாண்டி ஒச்சம்மாவிடம் ஒரே கேள்வி கேட்டார்.

"விருந்து போதும் தாயி. எப்ப வீட்டுக்குப் போறோம்?"

தன்னைப் பங்கு போட்டது அவருக்குத் தெரியாது. நாலு நாள் விருந்துக்கு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒச்சம்மா என்ன சொல்வாள்? சொன்னாலும் கேட்காது. அவர் மேட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அவ தூங்கியிருக்க மாட்டா" என்பார். அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து, களைத்துப் போய், பகலில் மரக்கட்டை மாதிரி விழுவார்.

ஒரு மாதம் போனது. அண்ணனும் தம்பியும் ஓடை நடுவில் சந்தித்தார்கள். அண்ணன் கண் சிவந்திருந்தது. தம்பி வயிறு ஒட்டியிருந்தது.

"டேய், ஆத்தாவை நீ கூட்டிட்டுப் போ. ஐயாவை நான் வச்சுக்கிறேன். எனக்குச் சத்தம் போடாத ஆள் வேணும்."

"எனக்குச் சத்தம் போடுற ஆள்தான் வேணும். மாத்திக்குவோம்."

இந்தப் புத்தி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. ஒருவனுக்காவது வேறு மாதிரி வந்திருக்கலாம்.

மாற்றினார்கள். வீரணன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேடு ஏறினான். தவசி அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளம் இறங்கினான். ஓடை மணலில் இரண்டு ஜோடியும் எதிரெதிரே வந்தன. இருளாயி நின்றாள். மூக்கைத் தூக்கினாள்.

"இந்தா புள்ள" என்றார் சடையாண்டி. காது கேட்காதவர் பேச்சு. ஓடை முழுக்கக் கேட்டது. "என்ன இளைச்சுட்டே? வா, வீட்டுக்குத்தான் போறேன்."

அவள் ஒரு காலைத் தூக்கி அவர் விலாவில் மெல்ல ஓர் உதை விட்டாள். எழுந்து பார் என்று அர்த்தம். அவர் சுற்றிலும் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல புள்ள" என்றார்.

ஒரு மாதத்தில் அன்றுதான் அவள் முகம் தெளிந்தது. ஆனால் தவசி, "வா ஆத்தா, நேரமாச்சு" என்று இழுத்தான். வீரணன் அந்தப் பக்கம் தள்ளினான். கிழவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் ஏன் எதிர்த்திசையில் போகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. மேட்டு வளைக்குப் போனபின், அங்கே அவள் படுக்கிற இடம் காலியாக இருந்தபோது விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஒச்சம்மா ஓடையில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஓர் உதை. ஒரே ஒரு வார்த்தை. அவள் மனசுக்குள் அதைப் போட்டு வைத்துக்கொண்டாள்.

மேட்டு வளையில் பேச்சிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. கண் திறந்த குட்டிகள். முள் மட்டும் இன்னும் மயிர் மாதிரி மெத்தென்று இருந்தது. வீரணன் உள்ளே கோடியில் படுத்தான். நடுவில் பேச்சியும் குட்டிகளும். வாசலில் கிழவர்.

மூன்றாம் நாள். உச்சி வெயில். பள்ளத்து வளையில் இருளாயி தலையைத் தூக்கினாள்.

"கீரி" என்றாள். "முன்னங்கால் ஒண்ணு நொண்டுது. நம்ம பக்கம் வரலை. மேட்டுக்குப் போறான்."

"ஒண்ணுமில்ல ஆத்தா, படு" என்றான் தவசி. கண்ணைத் திறக்கவில்லை.

"அங்கே குட்டி இருக்குடா."

"அண்ணன் இருக்கான். ஐயா இருக்காரு. படு."

ஒச்சம்மா எழுந்தாள். நாவல்பழம் தின்ற கீரி நொண்டி என்பது வாசல் மண்ணில் இருந்த கால்தடத்திலேயே அவளுக்குத் தெரியும். மேட்டு வாசலில் படுத்திருப்பவர் எப்படித் தூங்குவார் என்பதும் தெரியும்.

"அத்தை, என் தோளைப் பிடிச்சுக்குங்க. போவோம்."

"வெயில்லயா?"

"உங்களுக்கு வெயிலும் ஒண்ணுதான், நிலாவும் ஒண்ணுதான். எனக்குத்தான் கண் கூசும். நடங்க."

அங்கே கீரி வந்து சேர்ந்துவிட்டது. "பெரியவரே, வீடு மாத்திட்டீங்களா? சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கவாட்டில் நுழைந்தது. உள்ளே இரண்டு குட்டிகளைப் பார்த்தது. வாயை நக்கிக்கொண்டது.

பேச்சி விழித்தாள். பல்லைக் காட்டிச் சீறினாள். திரும்பி முள்ளைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் திரும்ப இடமில்லை. திரும்பினால் முள் முதலில் ஏறுவது குட்டிகள் மேல். பின்னால் வீரணன் கத்தினான். பேச்சியைத் தாண்டி வர அவனுக்கு வழியில்லை.

"ஐயா! ஐயா!" என்று கத்தினான். கத்தி என்ன பயன்?

"குடும்பமா இருக்கீங்க. பார்க்க நல்லாருக்கு" என்றது கீரி. "ஒண்ணு போதும். இன்னொண்ணு உங்களுக்கு இருக்கட்டும்."

ஓர் அடி வைத்தது. பேச்சி மூக்கால் முட்டினாள். அது விலகியது, மறுபடி வந்தது.

ஒச்சம்மாவும் இருளாயியும் வாசலுக்கு வந்தார்கள். மூச்சு வாங்கியது. கிழவரின் தலை வெளியே, முள் உள்ளே. மரக்கட்டை மாதிரி தூக்கம்.

"அத்தை, மாமா உங்க காலடியில இருக்காரு. கீரி அவருக்குப் பின்னாடி இருக்கு. உதைங்க."

இருளாயி ஓர் உதை விட்டாள். சடையாண்டி கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

இரண்டு உதை.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. முள்ளை விரித்தார். வால் கலகலவென்றது. பின்பக்கமாக வளைக்குள் போனார். கீரி திரும்பிப் பார்த்தது. வாசல் இருந்த இடத்தில் முள்தான் இருந்தது.

"பெரியவரே, பேசித் தீர்த்துக்குவோம்" என்றது.

பெரியவருக்குக் காது கேட்காது. இதை அது மறந்துவிட்டது.

கீரியின் அலறல் கேட்டது. இருளாயி காதைக் கூர்மையாக்கினாள். இன்னும் ஒரு முழம் போனால் குட்டிகள். சட்டென்று உள்ளே நுழைந்து மூன்று உதை விட்டாள். கிழவர் நின்றார். ஓர் அடி முன்னால் வந்தார். அந்த இடைவெளியில் கீரி பாய்ந்து வெளியேறியது. பின்பக்கத்தில் ஏழெட்டு முள். இப்போது மூன்று கால் நொண்டியது. அந்தக் காட்டுப் பக்கம் அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

தவசி ஓடி வந்தான். வீரணன் வெளியே வந்தான். எல்லாரும் குட்டிகளைப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. கிழவியும் கிழவரும் வாசல் மண்ணிலேயே ஒட்டிப் படுத்துவிட்டார்கள். வெயில் அடிக்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், எதுவும் அவர்களுக்குப் பொருட்டில்லை. கொஞ்ச நேரத்தில் இருவரும் குறட்டை விட்டார்கள்.

மகன்களுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் என்ன செய்தார்கள்? மறுபடி சண்டை போட்டார்கள்.

"ரெண்டு பேரும் இனி என்கிட்ட" என்றான் வீரணன். "குட்டி என் வீட்டுலதான் இருக்கு."

"கீரி முதல்ல வந்தது என் வீட்டுக்கு. எனக்குத்தான் காவல் வேணும்."

"நான் மூத்தவன்."

"மூத்தவன்னா? ஒரு மாசத்துல ஆத்தாவைத் தள்ளிவிட்டவன் நீ."

"நீ மட்டும் என்ன? மாத்திக்குவோம்னு சொன்னது யாரு?"

"வேணும்னா ஆறு மாசம் நீ, ஆறு மாசம் நான்."

"மழைக்காலம் உனக்கா, எனக்கா?"

பேச்சியும் சேர்ந்துகொண்டாள். குரல் ஏறியது. குட்டிகள் அழுதன. ஒச்சம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் தரையில் வாலை அடித்தாள். முள் கலகலத்தது. எல்லாரும் வாயை மூடினார்கள்.

"பெரிய மச்சான், ஒரு கேள்வி. எங்கே இருக்கணும்னு இவங்க ரெண்டு பேரையும் யாராச்சும் கேட்டீங்களா?"

வீரணன் தவசியைப் பார்த்தான். தவசி எலும்பு ஏதாவது கிடைக்குமா என்று தரையைப் பார்த்தான்.

"கேக்கல" என்றாள் ஒச்சம்மா. "நானும்தான் கேக்கல. இப்பக் கேக்கிறேன்."

இருளாயியை எழுப்பினாள். "அத்தை, எங்கே இருக்க உங்களுக்கு இஷ்டம்? மேட்டுலயா, பள்ளத்துலயா?"

இருளாயி எழுந்து உட்கார்ந்தாள். யோசிக்கவே இல்லை. முன்பே யோசித்து வைத்திருந்தாள் போல.

"ரெண்டும் வேணாம். மேட்டுல பேச்சி வாய் ஓயாது. பள்ளத்துல தவசி குறட்டை. ஓடைத் திருப்பத்துல மருதமரம் இருக்கு. அது வேருக்குக் கீழே ஒரு பழைய வளை கிடக்கு. எங்களுக்கு அது போதும். அங்கேயிருந்து உங்க ரெண்டு வாசலும் எனக்குக் கேக்கும்."

ஒச்சம்மா கிழவருக்குக் கையைக் காட்டிக் கேட்டாள். மேட்டு வளையைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். பள்ளத்து வளையைக் காட்டினாள். அதற்கும் மறுத்தார். எழுந்து போய் இருளாயிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இவ எங்கேயோ அங்கே" என்றார்.

மகன்களுக்கு ரோஷம் வந்தது.

"நாங்க ரெண்டு பேரு இருக்கிறப்ப நீங்க தனியா இருக்கிறதா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க ஆத்தா?"

"தனியா எங்கடா?" என்றாள் இருளாயி. "நாங்க ரெண்டு பேரு."

பேச்சிக்குத் தன் கவலை. "அப்ப குட்டிகளை யாரு அத்தை பார்த்துக்குவா?"

"மேயப் போறப்பக் கொண்டாந்து விடு. விடியறப்ப வந்து தூக்கிட்டுப் போ. தூக்கிட்டுப் போக மட்டும் மறந்துராதே."

அன்று சாயங்காலமே அண்ணனும் தம்பியும் மருதமரத்து வளையைத் துப்புரவு செய்தார்கள். உள்ளே இரண்டு பேருக்கு மட்டும் இடம் விட்டுத் தோண்டச் சொன்னாள் இருளாயி. மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தால் மூன்றாவது ஆள் வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

பெரியவர்களை எங்கே வைத்துக்கொள்வது என்று மற்றவர்கள் கூடிப் பேசுவதற்கு முன், எங்கே இருக்க விருப்பம் என்று அவர்களையே கேட்டுவிட வேண்டும். அந்த வீட்டில் அதைக் கேட்டது ஒருத்திதான். ஒச்சம்மா.